இரண்டு டிக்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகியும் அவரைத் தெரிந்தவர்கள் போர்மேன் என்று கூப்பிடுவதை விடவில்லை. மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில், பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் பிரிவு முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே சிவப்புப் பொத்தான் என்றால் நிற்கும், பச்சை என்றால் ஓடும். மஞ்சள் முக்கோணத்துக்குள் மின்னல் வரைந்திருந்தால் கையை எடு என்று அர்த்தம். ஒரு குறிக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும். இரண்டு அர்த்தம் வந்தால் யாரோ ஒருவருடைய விரல் போகும். புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார். வீட்டிலும் சொல்லுவார். மகனுக்கு இது மனப்பாடம்.

அதனால் மகன் புது செல்போன் வாங்கிக் கொடுத்தபோது, அவர் வயதுக்காரர்கள் பலரைப் போல அவர் மிரளவில்லை. இதுவும் பொத்தான் வைத்த ஒரு பேனல்தானே என்று கையில் எடுத்துக்கொண்டார். பச்சை ரிசீவர் பேச, சிவப்பு ரிசீவர் வைக்க. பல்சக்கரம் போட்டிருந்தால் உள்ளே மெக்கானிக் வேலை, மூடியைத் திறக்கக் கூடாது. அதன் பக்கமே போகவில்லை. பிறைநிலா ராத்திரி வெளிச்சத்தைக் குறைப்பதற்கு என்று எண்ணி அதை அழுத்தியே வைத்திருந்தார். ஒலிவாங்கிப் படம் மட்டும் குச்சி ஐஸ் மாதிரி இருந்தது. விளம்பரமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தெரியாது என்பது தெரிந்தால்தானே கேட்பதற்கு.

மனைவி போன பிறகு அவர் இளைத்துப் போனார். கால்சட்டைகள் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு திரிந்தவரை, மருமகள்தான் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தையல் கடைக்கு அனுப்பினாள். புதுத் துணி தைப்பதில்லை அங்கே. பிடிக்கிறது, விடுகிறது, ஜிப் மாற்றுகிறது, திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கிறது, இவ்வளவுதான். கடைக்காரர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. கணவர் இறந்து ரொம்ப காலமாகிறது. பிள்ளைகள் இல்லை. கடைக்கு மேலேயே குடியிருந்தார். சுற்றுவட்டாரத்துக்கு அவர் தையல்காரம்மா.

முதல் தடவை போர்மேன் கொண்டுபோன கால்சட்டையைப் புரட்டி, உள்ளே தைத்திருந்த சின்னத் துணிச் சீட்டைப் பார்த்து, "இதை வெந்நீர்ல போட்டு அலசுறீங்களா சார்? அதான் சாயம் வெளுத்திருக்கு" என்றார் தையல்காரம்மா. சீட்டில் தொட்டி, முக்கோணம், வட்டம், இஸ்திரிப் பெட்டி என்று வரிசையாகப் படங்கள் இருந்தன. தொட்டியில் ஒரு புள்ளி இருந்தால் பச்சைத் தண்ணீர், புள்ளி ஏற ஏறச் சூடு. போர்மேன் அசந்துபோனார். இத்தனை வருடம் இடுப்பில் ஒரு பேனலைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறோம், அதைப் படிக்கத் தெரியவில்லையே என்று அவர் சொன்னதற்கு, தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு போர்மேனுக்கு ஜிப் அடிக்கடி கெட்டுப்போனது. பொத்தான்கள் தாமாகவே உதிர்ந்தன. மருமகளுக்குப் புரியாமல் இல்லை, ஆனால் கேட்கவில்லை. கடையில் ஒரு ஸ்டூல் உண்டு, அதில் உட்கார்ந்து டீ குடிப்பார். மெஷின் கடகடவென்று ஓடும்போது பேச்சை நிறுத்துவதும், ஓட்டம் நின்றதும் விட்ட இடத்தில் தொடங்குவதும் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. தொழிற்சாலை இரைச்சலில் காலம் தள்ளியவருக்கு அது ஒரு சிரமமே இல்லை.

செல்போனில் செய்தி அனுப்ப ஆரம்பித்தது தையல்காரம்மாதான். "பேன்ட் ரெடி" என்று எழுதி, கூப்பிய கை ஒன்றைப் போட்டிருந்தார். எதை எழுதினாலும் கடைசியில் கூப்பிய கை போடுவது அவர் வழக்கம். கடிதத்துக்குக் கீழே கையெழுத்து மாதிரி. போர்மேன் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். பிறகு மழை வரும்போல் இருக்கிறது, மாடியில் துணி காய்கிறதா என்று இவர் எழுதுவார். பேருந்து நிறுத்தத்தில் இன்று கூட்டம் என்று அவர் எழுதுவார்.

இவர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் விழும், அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் பொறுத்து இரண்டும் நீலமாகும். போர்மேனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு விசிறியின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். பூட்டியவன் ஒரு டிக் போடுவான். சோதனைப் பிரிவில் அதை ஓடவிட்டுப் பார்த்து, சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை என்றால் இரண்டாவது டிக் போடுவார்கள். இரண்டு டிக் விழுந்த விசிறியை அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது. நேரே பெட்டிக்குள் போகும். இங்கேயும் அதுதான். தான் எழுதியதை அந்தம்மா பார்த்து, சரி என்று டிக் போடுகிறார். மழை வரும்போல் இருக்கிறது என்றால் ஆமாம். வெயில் அதிகம் என்றால் ஆமாம். மறுத்துச் சொல்லக்கூடிய எதையும் அதுவரை அவர் எழுதவில்லை. ஆகவே அவர் நினைப்பு எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் சௌகரியமாக ஓடிக்கொண்டிருந்தது.

மனதில் இருந்ததை நேரில் சொல்லத்தான் அவர் முதலில் பார்த்தார். ஆனால் கடை என்றால் ஆள் வரும். வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒரு தலையணை உறையோடு வந்து நின்றார்கள். கடைசியில் ஒரு காலை, நடைப்பயிற்சி முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, எழுதி எழுதி அழித்து, இப்படி அனுப்பினார்: "நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணமாகச் செய்துகொண்டாலும் சரி. தப்பாக எண்ண வேண்டாம்."

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. வீட்டுக்கு வந்து, குளித்து, பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாகப் படித்து, மறுபடி எடுத்துப் பார்த்தார். இரண்டும் நீலமாகியிருந்தன. மேலே அந்தம்மாவின் படத்துக்குக் கீழே ஏதோ ஓர் எழுத்து வருவதும் மறைவதுமாக இருந்தது. லைனில் கோளாறு என்று விட்டுவிட்டார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் இல்லாத ஹாலில் நின்று தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். சரக்கு பாஸாகிவிட்டது.

சாயங்காலம் பூங்காவுக்கு வந்த கூட்டாளியிடம் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. கூட்டாளி தபால் நிலையத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் போஸ்ட்மாஸ்டர் என்பார்கள். சேதியைக் காலாகாலத்தில் கொண்டுசேர்க்கும் பழக்கம் அவரை இன்னும் விடவில்லை. "சபாஷ்" என்று போர்மேன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

இரவுச் சாப்பாட்டின்போது போர்மேன் மகனிடமும் மருமகளிடமும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நான் கேட்டேன், அவங்க சரின்னு சொல்லிட்டாங்க என்றார். மகன் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். பஸ் ஸ்டாப் எதிர்க் கடையா என்று கேட்டான். ஆமாம் என்றார். சுவரில் அம்மா படம் மாட்டியிருந்த பக்கம் பார்க்காமல் இருக்க அவன் படுகிற பாடு அவருக்குத் தெரிந்தது.

மருமகள்தான் மெதுவாகக் கேட்டாள். "அவங்க எப்படிச் சொன்னாங்க மாமா? நேர்லயா?"

இதோ பார் என்று போனை நீட்டினார். மருமகள் பார்த்தாள். விரலால் கீழே தள்ளிப் பார்த்தாள், மேலே தள்ளிப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை.

"பதில் எங்க மாமா?"

"அதான் ரெண்டு டிக் போட்டிருக்காங்களே. நீலத்துல."

மருமகள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பெற்றோர்களிடம் கசப்பான சேதிகளைச் சொல்லிச் சொல்லிப் பழகியவள். அந்த டிக்கை அவங்க போடலை, போன் தானா போடுது, என்றாள். ஒன்று விழுந்தால் இங்கிருந்து கிளம்பிவிட்டது. இரண்டு விழுந்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நீலமானால் அவர் திறந்து பார்த்துவிட்டார்.

"பார்த்துட்டாங்கன்னா?"

"பார்த்துட்டாங்க. அவ்வளவுதான் மாமா."

"அப்ப சரின்னு சொல்றதுக்கு எது?"

"அதுக்கு அவங்கதான் எழுதணும்."

போர்மேன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக் என்றால் சரி என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பள்ளிக்கூட நோட்டில் வாத்தியார் போடுவதும் அதுதானே. பார்த்தேன் என்பதற்கு ஒரு கண்ணை வரைந்து வைக்க வேண்டியதுதானே. இதை எவன் முடிவு செய்தான் என்று கேட்கத் தோன்றியது. கேட்டு என்ன ஆகப்போகிறது? அப்போதுதான் அவருக்குப் போஸ்ட்மாஸ்டர் ஞாபகம் வந்தது. எழுந்துபோய் பால்கனியில் நின்று போன் செய்தார். கூட்டாளி சந்தோஷமாகவே எடுத்தார். "வாழ்த்து சொல்லிட்டுத்தான்யா வந்தேன். என் சட்டை ஒண்ணு அங்க கிடந்துச்சு, அப்படியே போய்ட்டு வந்தேன். ஒண்ணும் பேசலை. வெக்கம்னு விட்டுட்டேன்" என்றார்.

அன்று ராத்திரி போர்மேன் சரியாகத் தூங்கவில்லை. மன்னிப்பை எழுதி அனுப்பலாமா என்று யோசித்தார். எழுதியது போதும் என்று போனை அலமாரிக்குள் வைத்தார்.

காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றார். தையல்காரம்மா நீளமான ஒரு திரைச்சீலையை மேஜை மேல் பரப்பி ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஸ்டூல் மேல் துணி மூட்டை இருந்தது, அதை எடுக்கவுமில்லை. போர்மேன் நின்றபடியே, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். விசிறி அட்டை, சோதனைப் பிரிவு, நீல நிறம், எல்லாவற்றையும். சொல்லும்போதே அது எத்தனை அசட்டுத்தனமாகக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் படிச்சேன் சார். நாலஞ்சு தடவை படிச்சேன். பதில் எழுத உக்கார்ந்தேன். எழுதினேன், அழிச்சேன், மறுபடி எழுதினேன். கடையை அரை நேரம் மூடிட்டு மேல போய் உக்கார்ந்தேன். அந்த மாதிரி ஒரு வார்த்தையை யாரும் என்கிட்ட கேட்டு எத்தனையோ காலமாச்சு. நிதானமா யோசிக்கணும்னு நினைச்சேன். அதுக்குள்ள ஒருத்தர் வந்து வாழ்த்துக்கள்ங்கறார். சட்டையை வாங்கிக்கிட்டு, எப்போ விசேஷம்ங்கறார். கடையில ரெண்டு பொம்பளைங்க நிக்கிறாங்க. நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி எனக்காக ஊரே பதில் சொல்லிடுச்சு."

போர்மேனுக்கு நேற்று வந்து வந்து மறைந்த அந்த எழுத்து இப்போது புரிந்தது. லைனில் கோளாறு இல்லை; அந்தம்மா எழுதி எழுதி அழித்திருக்கிறார். "தப்பு என்னோடதும்மா" என்றார்.

"தப்பு சரியெல்லாம் அப்புறம். யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட எல்லாம் போய், நான் ஒண்ணுமே சொல்லலைன்னு சொல்லுங்க. போன்ல இல்ல, நேர்ல."

போர்மேன் அப்படியே செய்தார். போஸ்ட்மாஸ்டரை வீடு தேடிப் போய்ச் சொன்னார். அவர் முகம் தொங்கிப்போயிற்று. தான் வாழ்நாளில் தவறான விலாசத்துக்கு ஒரு தபால் அனுப்பியதில்லை என்று முணுமுணுத்தார். பிறகு தானாகவே கடைக்குப் போய், அன்று கடையில் நின்றிருந்த பெண்கள் யார் என்று விசாரித்து, அவர்களிடமும் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் போர்மேன் மகனிடம் சொன்னபோது, அவன் நிம்மதிப்படுவான் என்றுதான் நினைத்தார். அவன் படவில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இங்க தனியா இருக்கிற மாதிரி இருக்காப்பா?"

"ஆள் இருக்கீங்கடா. நீங்க வேலைக்குப் போற வரைக்கும், வந்த பிறகும். நடுவுல இருக்கிற நேரம்தான் கொஞ்சம் நீளம்."

மகன் தலையாட்டினான். அம்மாவைப் பற்றி அன்றைக்கு அவர்கள் கொஞ்சம் பேசினார்கள். ரொம்ப நாளாகப் பேசாமலே இருந்த பேச்சு அது.

தையல்காரம்மாவிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை. போர்மேனும் கடைப் பக்கம் போகவில்லை. பொத்தான் ஒன்று நிஜமாகவே அறுந்து விழுந்தபோது தானே ஊசி கோர்த்துத் தைத்துக்கொண்டார்; சட்டையோடு சேர்த்துப் பனியனையும் தைத்துவிட்டார்.

ஒரு விடுமுறை நாளில் அவர் மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். இதுல இருக்கிற ஒவ்வொரு குறியும் என்னன்னு சொல்லு, ஒண்ணையும் விடாதே என்றார். முதல் பக்கத்திலேயே பிறைநிலா வந்தது. அது வெளிச்சத்துக்கு இல்லை, போன் வந்தால் மணி அடிக்காமல் அடக்கிவைப்பதற்கு என்றாள் மருமகள். வேறு ஊரில் இருக்கும் மகள், கூப்பிட்டால் அப்பா எடுப்பதேயில்லை என்று குறைப்பட்டுக்கொண்டது அதனால்தான். குச்சி ஐஸில் அழுத்திப் பேசினால் பேச்சே செய்தியாகப் போகும். கண்ணீர் வழியும் முகத்தைப் போர்மேன் துக்கத்துக்கு என்று நினைத்து, தெரிந்தவர் ஒருவருக்குக் கால் முறிந்த சேதி வந்தபோது அனுப்பியிருந்தார். அது விழுந்து விழுந்து சிரிப்பது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். மறுநாள் அந்தக் கால் முறிந்தவரைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

ஓர் இடத்தில் மருமகள் தயங்கினாள். திரையின் மேல் மூலையில் சிறியதாக, வளைந்த கோடுகளோடு ஏதோ ஒன்று. "இது எனக்கும் தெரியலை மாமா" என்றாள்.

போர்மேனுக்கு அதிர்ச்சியாக இருந்தது. தெரியாமல் எப்படி இதைத் தைரியமாகக் கையில் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எல்லாரும் அப்படித்தான், தெரிஞ்ச நாலை வெச்சுத்தான் காலம் ஓடுது, மத்ததை யாரும் தொடறதில்லை என்றாள். அவர் தொழிற்சாலையில் இப்படி ஒருத்தி சொல்லியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார். இப்போது அவள் சொன்னது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பிறைநிலாவை எடுத்துவிட்டதால், தையல்காரம்மா கூப்பிட்டபோது போன் வீடே அதிர மணியடித்தது. மத்தியானம் கடையில் ஆள் இருக்காது, வர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

போனபோது ஸ்டூல் காலியாக இருந்தது. உட்கார்ந்தார். தையல்காரம்மா மெஷினை ஓட்டவில்லை. கையில் வேலையும் இல்லை. அப்படி அவரைப் பார்ப்பது போர்மேனுக்குப் புதிது.

"ஒரே வீடு வேண்டாம் சார்" என்றார் தையல்காரம்மா. "உங்களைப் பிடிக்கலைன்னு இல்ல. எப்போ சாப்பிட்டே, எங்க போறேன்னு யாருக்கும் பதில் சொல்லாம இத்தனை வருஷம் இருந்துட்டேன். இனிமே அந்தப் பழக்கம் வராது. கல்யாணமும் வேண்டாம்."

போர்மேன் சரி என்று தலையாட்டினார். எழுந்திருப்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை.

"மாடியில என் வீட்டுக்கு எதிர்ல ஒரு அறை இருக்கு. குடியிருந்த பையன் வேற ஊருக்குப் போய்ட்டான். வீட்டுக்காரர் ஆள் பார்க்கிறார்."

போர்மேன் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இது சரிங்கறீங்களா, இல்லைங்கறீங்களா?"

"ரெண்டும் இல்ல. அறை காலியா இருக்குங்கறேன்."

ஒரு குறிக்கு ஒரே அர்த்தம் என்று வாழ்ந்தவர் அவர். வீட்டுக்காரர் எப்போது இருப்பார் என்று கேட்டார்.

மகனுக்கு முதலில் இதில் சம்மதமில்லை. ஆட்கள் என்ன சொல்வார்கள் என்றான். ஏற்கெனவே சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியாச்சு, இதுக்கு மேல என்ன சொல்லப்போறாங்க என்றாள் மருமகள். இரண்டு தெரு தள்ளித்தானே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாமா இங்கதான் வரணும் என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். போர்மேன் ஒத்துக்கொண்டார். மகன், தான் ஒத்துக்கொண்டதாக எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் சாமான் ஏற்ற வண்டி பேசியது அவன்தான்.

குடிபோன அன்று கட்டில் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மகன் ஒரு பக்கம், வண்டிக்காரர் ஒரு பக்கம் நின்று மூச்சு வாங்க, போர்மேன் கீழ்ப்படியில் நின்றுகொண்டு கையை வீசி வீசி உத்தரவு போட்டார். சத்தம் கேட்டு மேலே இருந்து எட்டிப் பார்த்த தையல்காரம்மா, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் திருப்பத்தை அளந்துவிட்டு, காலைக் கழற்றாமல் இது ஏறாது என்றார். கழற்றினார்கள். ஏறியது.

எல்லாம் வைத்து முடிந்ததும் வெறும் தரையில் உட்கார்ந்து, மருமகள் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை நாலு பேரும் சாப்பிட்டார்கள். மகன் அந்தம்மாவிடம் முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஜன்னல் கதவு சரியாக மூடவில்லை, காற்று வருமே என்றான். வெயில் காலத்துக்கு அது நல்லதுதான், குளிருக்குத் திரை தைத்துத் தருகிறேன் என்றார் தையல்காரம்மா.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு போர்மேன் எதிர்க் கதவைத் தட்டி, குழாயில் தண்ணீர் எந்த நேரத்துக்கு வரும் என்று கேட்டார். குறித்துவைத்துக்கொள்ளப் பேனாவும் கையில் இருந்தது.

"அதுக்கு நேரமெல்லாம் கிடையாது சார். வந்தா சத்தம் கேக்கும். நான் கதவைத் தட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, தையல்காரம்மா கடையைத் திறக்கப் படியிறங்கிப் போனார்.